குரங்குகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து ஞாபகசக்தியைச் சோதிக்கிறார்களே, இதனால் யாருக்கு என்ன லாபம்?

செய்தி படித்துக் கோபத்தில் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. கதிர்வீச்சால் ஆட்களைக் கொல்லும் நியூட்ரான் குண்டு சம்பந்தமான ராணுவ சோதனைகளில் தன் குரங்குகள் சாகின்றன என்று தெரியவந்த பிறகுதான் இந்தியா 1978-ல் ரீசஸ் குரங்கு ஏற்றுமதியையே நிறுத்தியது. 2009-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா பணம் ஒதுக்கிய, அணில் குரங்குகளுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் ஆய்வும் எதிர்ப்பு வலுத்ததால் நின்றுபோனது. அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துக் குடும்பம். அம்மா ரப்பர் பால் வெட்டியவர். மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவி, தலை முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி சுருங்கியது. சில மாதம் கழித்து, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு "அரிசி போட்டாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார். பதில் சொல்லி வாய் மூடுமுன் மறுபடி அதே கேள்வி. எந்த நிரையில் எந்த மரம் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) நிறையப் பால் கொடுக்கும் என்பது மட்டும் அப்படியே இருந்தது. சொந்தக்காரர்கள் "வயசாச்சுல்ல" என்றார்கள். அம்மாவுக்கு அப்போது அறுபதுகூட ஆகவில்லை!

அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ரீசஸ் குரங்குகளுக்கு, நோயாளிகளுக்குக் கொடுப்பது போலவே பல தவணையாக மொத்தம் 40 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்துப் பார்த்தார்கள். திரையில் ஒரு படம் காட்டி மறைப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பல படங்களுக்கு நடுவே அதே படத்தைக் குரங்கு தொட வேண்டும். மாதங்கள் போகப் போக அதில் தடுமாற்றம் கூடியது. அதைப் படித்தபோதுதான், அம்மாவுக்கு நடப்பது சோம்பலோ பிடிவாதமோ இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் என்னால் அழுத்திச் சொல்ல முடிந்தது. 'குரங்கு செத்தால் உனக்கென்ன என்றுதானே இருக்கிறாய்' என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள் அம்மாவோடு ஒரு வாரம் இருந்துவிட்டு வரட்டும்.

ஞாபகம் போகலாம் என்று முன்கூட்டியே எங்களிடம் ஒருவரும் தமிழில் சொல்லவில்லை. மலாய் மொழியில் இருந்த படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: தோட்டம் கைமாறியதும் லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்தது. முப்பது வருஷம் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போனவருக்கு நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. பழகிய வீட்டில் இருட்டிலும் தடுமாறாத அம்மாவுக்கு, புதுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் கழிவறை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

சரி, உங்கள் வீட்டில் யாருக்காவது மூளைக் கதிர்வீச்சு என்றால் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் கதிர் அதிகம் படாமல் கொடுக்க முடியுமா? கூடவே மறதி நோய்க்குக் கொடுக்கும் மெமன்டின் மாத்திரை தரலாமா? இரண்டும் சேர்ந்தால் மறதிப் பாதிப்பு குறைகிறது என்று 2020-ல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது. எல்லோருக்கும் பொருந்தாது, கட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.