பந்தல் நிறையக் கொடி, ஒரு பூ இல்லை: எந்த ரகம் போடலாம்?

கேள்வி: தஞ்சாவூரில் வீட்டுக் கொல்லையில் தை மாதம் கொடி அவரை ஊன்றினேன். இப்போது வைகாசி. பந்தலே மூடிவிட்டது, ஒரு பூ இல்லை. பக்கத்தில் போட்ட கொடி பீன்ஸ் பூத்தது. பிஞ்சு பிடிக்காமல் அத்தனையும் உதிர்ந்துவிட்டது. உரம் போதவில்லையா? எந்த ரகம் போட்டால் காய்க்கும்?

பதில்: அம்மா, உரம் போதாத கொடி பந்தலை மூடாது. இரண்டும் காய்க்காததற்குக் காரணம் வேறு வேறு.

நம் ஊர்ப் பந்தல் அவரை, பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். தையில் ஊன்றியது படரும் வயதுக்கு வரும்போது பகல் நீண்டுவிடுகிறது. அப்புறம் இலையும் கொடியுமாகப் போய்க்கொண்டே இருக்கும். அதே விதையை ஆடியில் ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகையில் பூவெடுத்து மாசி வரை பறிக்கலாம். ஆடிப்பெருக்கை ஒட்டி அவரை ஊன்றும் பழக்கம் இந்தக் கணக்கில் வந்ததுதான்.

இருக்கிற கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள். ஆடி பிறந்ததும் இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டு, தூரைச் சுற்றி ஒரு கூடை மக்கிய எரு போடுங்கள். யூரியா வேண்டவே வேண்டாம். புதுத் துளிர் பந்தலேறி முடிக்கும்போது பூக்கும் பருவமும் வந்துவிடும்.

பீன்ஸ் கதை வேறு. அது குளிர்ச்சி கேட்கும் பயிர். பகலில் 30 டிகிரிக்கு மேல் போனால் பூவை உதிர்த்துவிடும். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் கம்பு நட்டு ஏற்றுகிறார்களே, அந்த விளைச்சலைத் தஞ்சாவூரில் எதிர்பார்க்க முடியாது. ஆசை இருந்தால் கார்த்திகையில் மழை விட்டதும் ஊன்றி, மாசிக்குள் பறித்து முடித்துவிடுங்கள். கென்டக்கி ஒண்டர் போன்ற நல்ல கொடி ரகமானாலும் இந்தக் காலத்தை விட்டால் வீண்தான்.

கோடையில் பந்தல் காலியாக இருக்க வேண்டாம் என்றால் பயத்தங்காய் போடுங்கள். வெயிலுக்கு அசராது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா மங்களா கொடி ரகம். காய் ஒன்று இரண்டரை அடி வரை நீளும். வீட்டுத் தேவைக்கு ஏழெட்டுக் கொடி தாராளம்.

அவரை விதை வாங்கும்போது "குத்தா, கொடியா" என்று கேட்காமல் வாங்காதீர்கள். அர்கா ஜெய், அர்கா விஜய் இரண்டும் குத்து அவரை. எந்தப் பட்டத்திலும் காய்க்கும், ஆனால் பந்தல் ஏறாது. தொட்டியில் வைப்பதற்கு அவை சரி. உங்கள் பந்தலுக்கு என் முதல் தேர்வு, உங்கள் தெருவிலேயே போன தையில் நன்றாகக் காய்த்த கொடியின் விதைதான். உங்கள் மண்ணும் மழையும் அதற்குப் பழகியிருக்கும். கையில் வாங்கிப் பாருங்கள்: அவரை விதையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று மேடாக ஓடும். பீன்ஸ் விதையில் அது இருக்காது, நடுவில் சின்னத் தழும்புதான் தெரியும்.

பூவெடுக்கும் நாளில் காலையில் ஒருமுறை கொடியைப் பாருங்கள். எறும்பு வரிசையாக ஏறினால் பூங்காம்பில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி அடைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நுனிகளை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். வாரம் கழித்து இன்னொரு முறை.

முதல் ஈட்டில் திரட்சியான பத்துக் காயைப் பறிக்காமல் கொடியிலேயே முற்ற விடுங்கள். அடுத்த ஆடிக்கு அதுதான் உங்கள் விதை.