மூச்சில்லாதவருக்கு மாஸ்க் எதற்கு?

கேள்வி: எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கி வாசலில் பக்கத்து வீட்டுப் பெரியவர் திடீரென விழுந்து, மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தார். மாமியாருக்காக வைத்திருந்த ஆக்சிஜன் இயந்திரத்தை என் மகன் தூக்கி வந்து மாஸ்க்கை மாட்டினான். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு நெஞ்சை அழுத்தினார்கள்; பிறகுதான் ஒரு பையை முகத்தில் வைத்து அமுக்கினார்கள். நாங்கள் செய்தது தவறா? தொண்டையில் ஏன் உடனே குழாய் போடவில்லை?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: உங்கள் மகனைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மாஸ்க் பயன்பட வேண்டுமானால் அதை மாட்டியிருப்பவர் தானாக மூச்சை இழுக்க வேண்டும். இதயம் நின்றவர் இழுப்பதில்லை என்பதால், ஆக்சிஜன் பெரும்பாலும் மூக்கருகே வந்து வெளிக்காற்றோடு கலந்து போய்விடும். சிலர் முதல் சில நிமிடங்களில் கரையில் கிடக்கும் மீனைப் போல விட்டுவிட்டு வாயைத் திறப்பதுண்டு. அதுவும் மூச்சல்ல.

திடீரென விழும் பெரியவர்களின் இரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்கு ஆக்சிஜன் எஞ்சியிருக்கும்; அதை மூளைக்குத் தள்ளத்தான் ஆளில்லை. அந்த வேலையை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு நெஞ்சை அழுத்தும் கைகள் செய்கின்றன. நீரில் மூழ்கியவர்கள், குழந்தைகள் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்த பிறகே இதயம் நிற்கிறது என்பதால் மூச்சூட்டுவதும் மிக அவசியம்.

நீங்கள் பார்த்த பையை நாங்கள் அம்பு பேக் என்போம். வெறுமனே அமுக்கினால் அதில் செல்வது 21 சதவீத ஆக்சிஜன் உள்ள சாதாரணக் காற்றுதான். வால்பகுதியில் சேமிப்புப் பையை இணைத்து, சிலிண்டரிலிருந்து நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் அது ஏறத்தாழ 100 சதவீதத்தை எட்டும். சிக்கல் கையில்தான் இருக்கிறது. தாடையைத் தூக்கி, காற்று கசியாமல் மாஸ்க்கைப் பொருத்திக்கொண்டே பையையும் அமுக்குவது ஒருவருக்குக் கடினம் என்பதால், ஒருவர் இரு கைகளாலும் மாஸ்க்கைப் பிடிக்க, மற்றவர் அமுக்குவது நல்லது. 30 அழுத்தங்களுக்குப் பின் 2 மூச்சு, ஒவ்வொன்றும் ஒரு விநாடி, நெஞ்சு சற்றே எழும்பினால் போதும். பதற்றத்தில் பையைப் பிசைந்து தள்ளுபவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அப்போது காற்று வயிற்றுக்குள் போய் வாந்தி வரும், நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறையும்.

மருத்துவர்களும் நெடுங்காலம் குழாயையே உயர்வாக நினைத்தோம். இங்கிலாந்தில் 9,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஏர்வேஸ்-2 ஆய்வில், ஆம்புலன்ஸ் பணியாளர்கள் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தியதையும், குரல்வளைக்கு மேலே அமரும் ஐ-ஜெல் என்ற எளிய கருவியைப் பொருத்தியதையும் ஒப்பிட்டார்கள். பெரிய பாதிப்பின்றித் தேறியவர்கள் ஐ-ஜெல் குழுவில் 6.4 சதவீதம், குழாய்க் குழுவில் 6.8 சதவீதம், வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். குழாய் செலுத்துவதற்காக அழுத்தத்தை நிறுத்துவதும், அது உணவுக்குழாய்க்குள் போய்விடுவதும் ஆபத்து. எனவே பையில் தொடங்கியது சரியான முறையே.

மின் அதிர்ச்சி கொடுக்கும்போது தீப்பற்றாமலிருக்க, ஆக்சிஜன் வரும் மாஸ்க்கை நெஞ்சிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். துடிப்பு திரும்பிய பிறகும் ஆக்சிஜனை அவசரப்பட்டுக் குறைக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2022இல் வெளியான எக்ஸாக்ட் ஆய்வில், ஆம்புலன்ஸிலேயே இரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 90–94 சதவீதத்துக்கு இறக்கியவர்களில் 38.3 சதவீதமும், 98–100இல் வைத்திருந்தவர்களில் 47.9 சதவீதமும் உயிரோடு வீடு திரும்பினார்கள். விரலில் மாட்டும் கருவி நம்பகமான அளவைக் காட்டிய பிறகு 94–98இல் நிறுத்துவதே இன்றைய வழக்கம்.

இனி இப்படி நேர்ந்தால் 999ஐ அழைத்து, கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, உடனே அழுத்தத் தொடங்குங்கள். ஓடக்கூடிய உங்கள் மகனைக் கீழே அனுப்புங்கள். ஆம்புலன்ஸ் வரும்போது மின்தூக்கியைப் பிடித்து வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும்.