தக்காணத்தில் தொடங்கி ரீயூனியன் வரை: ஹாட்ஸ்பாட் எரிமலைகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: புவித்தட்டுகளின் விளிம்பில்தான் எரிமலை இருக்கும் என்று படித்தோம். இந்தியப் பெருங்கடல் தீவான ரீயூனியன் தட்டின் நடுவில் அல்லவா இருக்கிறது?

பதில்: ஆமாம். அங்கே கவசத்தின் (மேலோட்டுக்குக் கீழுள்ள தடித்த பாறை அடுக்கு) ஆழத்திலிருந்து, சுற்றுப்புறத்தைவிட நூறு, இருநூறு டிகிரி சூடான பாறை மேலெழுகிறது. வரும்போது அது குழம்பாக வருவதில்லை. திடமாகவே, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. மேலே வர வர அழுத்தம் குறையும், அதனால் உருகுநிலையும் இறங்கும். சுமார் 100 கி.மீ. ஆழத்துக்கு வந்ததும் அதில் ஒரு சிறு பங்கு உருகும். அந்தச் சிறு பங்கே எரிமலைக்குப் போதும். இப்படிச் சூடான பாறை மேலெழும் இடத்தைத்தான் ஹாட்ஸ்பாட் என்கிறோம்.

கேள்வி: தக்காணப் பீடபூமியும் இதே ஹாட்ஸ்பாட்டின் வேலைதானா?

பதில்: பெரும்பாலான ஆய்வாளர்கள் அப்படித்தான் கருதுகிறார்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அதன்மேல் இருந்தபோது எரிமலைக்குழம்பு அடுக்கடுக்காகப் பரவியது. மகாபலேஷ்வர் பக்கம் மலைச்சரிவில் படிப்படியாகத் தெரிவது அந்த அடுக்குகள்தான். பிறகு இந்தியா வடக்கே நகர, மாலத்தீவு, சாகோஸ் தீவுகள் என்று எரிமலைத் தடம் தெற்கே நீண்டது. அப்புறம், கடலடியில் தட்டுகள் விலகும் எல்லையான மத்திய இந்தியப் பெருங்கடல் முகடே ஹாட்ஸ்பாட்டின் மேல் கடந்து போனது. முகட்டின் இரு பக்கமும் தரை விலகிக்கொண்டே இருப்பதால் தடம் இரண்டாக அறுந்துவிட்டது. மொரீஷியசும் ரீயூனியனும் ஆப்பிரிக்கப் பக்கத் தட்டில் இருப்பதற்கு இதுவே காரணம். வரைபடத்தில் சங்கிலி ஏன் நேர்க்கோடாக இல்லை என்று குழம்புபவர்கள் முதலில் இந்த முகட்டைத் தேடுங்கள்.

கேள்வி: மொரீஷியஸ் எரிமலை செத்துவிட்டதா?

பதில்: தட்டு நகர்ந்ததால் அடியிலிருந்து வரத்து குறைந்துவிட்டது. ஆனால் கேடயம் போன்ற பெரிய மலை உருவாகி ஓய்ந்தபின், நீண்ட இடைவெளி விட்டுச் சிறு வெடிப்புகள் வருவது இவ்வகைத் தீவுகளின் வழக்கம். கியூர்பிப் நகரிலுள்ள ட்ரூ ஓ செர்ஃப் பள்ளம் அப்படிப் பின்னால் வந்ததுதான்.

கேள்வி: ரீயூனியனிலுள்ள பிட்டோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலை அடிக்கடி குமுறியும் உயிர்ச்சேதம் ஏன் குறைவு?

பதில்: அதன் பசால்ட் குழம்பில், குழம்பைக் கெட்டியாக்கும் சிலிக்கா குறைவு, இளகி ஓடும், வாயு எளிதில் வெளியேறும். பெரும்பாலும் ஆளில்லாத ஆன்க்ளோ பள்ளத்துக்குள்ளேயே வழிகிறது. 1977-இல் வெளியே பிளவு திறந்தபோது பிட்டோன் சேன்ட் ரோஸ் ஊருக்குள் குழம்பு புகுந்தது. 2007 ஏப்ரலில் நடந்தது வேறு: கீழ்ச்சரிவில் திறந்த பிளவு வழியே அடியிலிருந்த குழம்பு வடிந்தது, தாங்கல் போன உச்சிப் பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. உச்சியில் நெருப்பு தெரியவில்லை என்பதால் உச்சி பாதுகாப்பு என்று எண்ணக்கூடாது.

கேள்வி: ரீயூனியன் கடைசியில் மூழ்குமா?

பதில்: மூழ்கும். மழை அரிக்கும், தன் பாரத்தால் அடித்தட்டு வளையும், தட்டு குளிர்ந்து தாழும். வெப்பக் கடலாக இருந்தால் பவளம் மேலே வளர்ந்துகொண்டே வரும். மாலத்தீவில் நாம் காண்பது அந்த நிலைதான்.