ஊசி எந்த நிறத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

யெலஹங்காவில் அறை எடுத்துத் தங்கி இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்குக்கு (வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளைப் பார்த்தே பறப்பதற்கான தகுதி) தயாராகும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்:

"சார், டிஏ40 விமானத்தில் ஜி1000 கண்ணாடித் திரைகளை வைத்துத்தான் பறந்து பழகினேன். போன வாரம் சிமுலேட்டரில் பெங்களூரு 27 எல் ரன்வேக்கு ஐஎல்எஸ் (ரேடியோ அலை வழிகாட்ட இறங்குவது). ஏப்ரோச்சை (இறங்கும் பாதையை) லோட் செய்து, ஆட்டோபைலட்டை என்ஏவி மோடில் (ஊசி காட்டும் வழியில் போகும்படி) விட்டு, ஜிபிஎஸ் வழியாகவே ஃபைனலை (ரன்வேக்கு நேரான கடைசிப் பகுதியை) நோக்கி வந்தேன். வழி காட்டும் சிடிஐ ஊசி தானாகப் பச்சைக்கு மாறவில்லை, அதனால் நானே சிடிஐ பட்டனை அழுத்தி மாற்றினேன். விமானம் திரும்பவே இல்லை. லோக்கலைசரை (ரன்வேயின் நேர்கோட்டைக் காட்டும் அலை) தாண்டி நேராகப் போய்விட்டது, கிளைட் ஸ்லோப்பும் (இறங்கும் சரிவைக் காட்டும் அலை) பிடிக்கவில்லை. நான் எதைத் தப்பாக அழுத்தினேன்? வெக்டர்ஸ் டு ஃபைனல் போட்டிருக்க வேண்டுமா? இதையெல்லாம் எப்போது செட் செய்து முடிக்க வேண்டும்?"

தம்பி, நீங்கள் அழுத்தியது சரியான பட்டன்தான். அதற்கு அடுத்து அழுத்த வேண்டியதைத்தான் அழுத்தவில்லை.

ஜி1000-இல் அந்த ஒரே ஊசி இரண்டு பேர் சொல்வதைக் கேட்கும். மெஜந்தாவில் இருந்தால் ஜிபிஎஸ் பேசுகிறது, பச்சையில் இருந்தால் தரையில் இருக்கும் லோக்கலைசரோ விஓஆர் என்ற திசைகாட்டி நிலையமோ பேசுகிறது. ஆட்டோபைலட் என்ஏவி மோடில் ஜிபிஎஸ் ஊசியைப் பின்தொடர்ந்துகொண்டிருக்கும்போது நீங்கள் கையால் சிடிஐ பட்டனைத் தட்டி ஊசியை மாற்றினால், ஜிஎஃப்சி 700 ஆட்டோபைலட் புது ஊசியைத் தானாகப் பிடித்துக்கொள்ளாது, பழைய வேலையை விட்டுவிட்டு ரோல் மோடுக்குப் போய்விடும். ரோல் என்றால் இறக்கையை மட்டமாக வைத்திருக்கும், அல்லது அந்த நேரத்தில் இருந்த சாய்வை அப்படியே பிடித்திருக்கும், அவ்வளவுதான். எங்கே போக வேண்டும் என்ற எண்ணமே அதற்கு அப்போது கிடையாது. உங்கள் விமானம் நேராகப் போனது இதனால்தான். ஊசியை மாற்றிய கையோடு ஏபிஆர் (ஏப்ரோச்) பட்டனை அழுத்தியிருந்தால் லோக்கலைசரைப் பிடிக்கத் தயாராகியிருக்கும், கிளைட் ஸ்லோப்பும் சேர்ந்தே தயாராகியிருக்கும். லோக்கலைசரைப் பிடிக்காமல் கிளைட் ஸ்லோப்பைப் பிடிக்கவே பிடிக்காது, அது அந்தக் கருவியின் விதி. ஆகவே உங்களுக்கு நடந்தவை இரண்டு தவறுகள் இல்லை, முதலாவது நடந்ததும் இரண்டாவது தானாக வந்தது.

ஊசி ஏன் தானாக மாறவில்லை? அதற்குப் பல நிபந்தனைகள் ஒன்றாகச் சேர வேண்டும். ஐஎல்எஸ் அலைவரிசை ஆக்டிவ் இடத்தில் இருக்க வேண்டும், ஸ்டாண்ட்பையில் இருந்தால் பயனில்லை. ஃபைனல் ஏப்ரோச் ஃபிக்ஸுக்கு (கடைசி இறக்கம் தொடங்கும் புள்ளி) சுமார் 15 மைலுக்குள், ஃபைனல் கோர்ஸுக்கு நெருக்கமாக, அதை நோக்கிப் பறந்துகொண்டிருக்க வேண்டும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: எம்எஃப்டி-யின் (வரைபடம் காட்டும் திரை) சிஸ்டம் செட்டப் பக்கத்தில் ஐஎல்எஸ் சிடிஐ கேப்ச்சர் என்று ஒரு வரி இருக்கிறது, அது ஆட்டோவில் இருக்கலாம், மேனுவலிலும் இருக்கலாம். பத்து பேர் மாறி மாறி உட்காரும் பயிற்சி விமானத்திலும் சிமுலேட்டரிலும் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் எதில் விட்டுப்போனார் என்று யாருக்குத் தெரியும்? எஞ்சின் போடும் முன்பே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள், பத்து வினாடி வேலை.

எனக்கும் இது நடந்திருக்கிறது. வட்ட டயல் விமானங்களிலிருந்து கண்ணாடித் திரைக்கு மாறிய முதல் மாதம், மேகத்துக்குள், உங்களைப் போலவே பச்சைக்கு மாற்றிவிட்டு "ஆட்டோபைலட் பார்த்துக்கொள்ளும்" என்று சார்ட்டைப் பார்க்கக் குனிந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த மூத்த இன்ஸ்ட்ரக்டர் திட்டவில்லை, திரையின் மேல் பட்டையை விரலால் தொட்டுக் காட்டி "இங்கே என்ன எழுதியிருக்கிறது, படி" என்றார். ரோல் என்று எழுதியிருந்தது. பதினைந்து வருடமாக என் மாணவர்களிடம் நான் சொல்வதும் அந்த ஒரு வார்த்தைதான்: படி.

நாம் எந்தப் பட்டனை அழுத்தினோம் என்பது முக்கியமே இல்லை, பிஎஃப்டி-யின் (விமானிக்கு நேர் எதிரே உள்ள திரை) மேலே ஓடும் அந்தச் சின்னப் பட்டையில் என்ன எழுத்து வந்தது என்பதுதான் உண்மை. பச்சை எழுத்து என்றால் இப்போது அந்த வேலை நடக்கிறது, வெள்ளை என்றால் காத்திருக்கிறது. ஐஎல்எஸ்ஸில் என் மாணவர்கள் சத்தமாகச் சொல்ல வேண்டும்: "ஊசி பச்சை. லோக் வெள்ளை, ஜிஎஸ் வெள்ளை." பிடித்ததும், "லோக் பச்சை." கிளைட் ஸ்லோப்பைக் காட்டும் வைரக்கட்டம் நடுவுக்கு இறங்கி வந்ததும், "ஜிஎஸ் பச்சை." மனசுக்குள் சொன்னால் போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாய் சொல்லும்போதுதான் கண் உண்மையில் அந்த எழுத்தைத் தேடுகிறது. உங்கள் பள்ளியில் பழைய செஸ்னா 172 இருந்து, அதில் கேஏபி 140 ஆட்டோபைலட் என்றால், மோடு எழுத்துகள் மேல் பட்டையில் வராது, ஆட்டோபைலட் பெட்டியிலேயே வரும். அங்கே படியுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு நம் ஊரிலேயே காரணம் இருக்கிறது. 1990 பிப்ரவரி 14, பழைய எச்ஏஎல் விமான நிலையம். பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, அப்போது புத்தம் புதிய வகையான ஏர்பஸ் ஏ320. விமானத்தில் கோளாறு எதுவும் இல்லை. இறங்கி வரும்போது அது ஐடில் ஓப்பன் டிசென்ட் என்ற மோடில் இருந்தது, அதாவது எஞ்சின்கள் ஐடிலில் (மிகக் குறைந்த விசையில்) இருக்கும், வேகத்தைக் காக்க உந்துவிசை தானாக அதிகரிக்காது. வேகம் குறைந்துகொண்டே வந்ததை விமானிகள் உணர்ந்தபோது உயரம் மிச்சமில்லை. ரன்வேக்கு முன்னால் இருந்த கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது, 146 பேரில் 92 பேர் இறந்துபோனார்கள். அந்த மோடின் பெயர் விமானிகள் முகத்துக்கு முன்னால் திரையில் எழுதியிருந்தது. பழைய விமான நிலையச் சாலையில் போகும் ஒவ்வொரு தடவையும் இது என் நினைவுக்கு வருகிறது.

சரி, வெக்டர்ஸ் டு ஃபைனல், அதாவது கன்ட்ரோலர் ரேடாரில் பார்த்துத் திசை சொல்லி ஃபைனலுக்குக் கூட்டிப்போகும்போது போடும் தேர்வு. என் அபிப்பிராயம் கேட்டால், பழகும் காலத்தில் அதைத் தொடாதீர்கள். அதை ஆக்டிவேட் செய்தால் பல பதிப்புகளில் ஃபைனல் ஏப்ரோச் ஃபிக்ஸுக்கு முந்தைய புள்ளிகள் ஃப்ளைட் பிளானிலிருந்து மறைந்து, நீண்ட ஒரு கோடு மட்டும் மிஞ்சும். ரேடாரில் கூட்டிப்போகும்வரை கோடு அழகாக இருக்கும், ஆனால் பெங்களூரு மாதிரி நெரிசலான இடத்தில் கன்ட்ரோலர் திடீரென்று மனம் மாறி "இன்ன புள்ளிக்கு நேராகப் போ" என்று சொன்னால் அந்தப் புள்ளியே உங்களிடம் இருக்காது, ஏப்ரோச்சை மறுபடியும் முதலிலிருந்து லோட் செய்ய வேண்டிவரும், அதுவும் நிமிடத்துக்கு ஒன்றரை மைல் ஓடிக்கொண்டிருக்கும்போது. அதற்குப் பதிலாக, ஏப்ரோச்சைச் சரியான ட்ரான்சிஷனோடு (ஏப்ரோச்சுக்குள் நுழையும் வழி) லோட் மட்டும் செய்யுங்கள். வெக்டர் கிடைத்து ஹெட்டிங் மோடில் போகும்போது ஃப்ளைட் பிளானைத் திறந்து, ஃபைனல் ஏப்ரோச் ஃபிக்ஸில் கர்சரை வைத்து அந்த லெக்கை ஆக்டிவேட் செய்யுங்கள். அதே கோடு வரும், புள்ளிகளும் பத்திரமாக இருக்கும்.

லோட் செய்யும்போது இன்னொரு கவனம். நம் விமான நிலையத்தில் இணையான இரண்டு ரன்வேக்கள், பட்டியலில் 27 எல்-லும் 27 ஆர்-உம் அடுத்தடுத்து நிற்கும், விரல் ஒரு கிளிக் கூடத் திரும்பினால் பக்கத்து ரன்வேயின் அலைவரிசை உட்கார்ந்துவிடும். ஐஎல்எஸ் நிலையம் அனுப்பும் மோர்ஸ் அடையாளத்தை ஜி1000 தானே படித்து அலைவரிசைக்குப் பக்கத்தில் எழுத்தாகக் காட்டும். அந்த எழுத்தைச் சார்ட்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பெட்டி தானாக டியூன் செய்தது என்பதால் அது சரியான ரன்வே என்று ஆகிவிடாது. 1995 டிசம்பரில் கொலம்பியாவின் காலி நகருக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965-இல், விமானிகள் கணினியில் ஆர் என்ற எழுத்தைத் தட்டியதும் அவர்கள் நினைத்த ரோசோ என்ற வழிகாட்டி நிலையம் வராமல் பொகோட்டா பக்கத்து ரோமியோ வந்தது, விமானம் இடது பக்கம் மலைகளை நோக்கித் திரும்பிவிட்டது. 163 பேரில் 4 பேர்தான் பிழைத்தார்கள். திரையில் வந்த பெயரைச் சார்ட்டோடு ஒப்பிட ஐந்து வினாடி போதும்.

எப்போது செட் செய்து முடிப்பது? இறங்க ஆரம்பிக்கும் முன்பே. ஏடிஸ் (விமான நிலையத்தின் வானிலை, ரன்வே விவர ஒலிபரப்பு) கேட்டதும் ஏப்ரோச் லோட், அலைவரிசை, அடையாளம், கோர்ஸ், மினிமம்ஸ் (ரன்வே தெரியாவிட்டால் இறக்கத்தை நிறுத்த வேண்டிய உயரம்), பிறகு மிஸ்டு ஏப்ரோச்சை (இறங்காமல் மறுபடி மேலே ஏறும் வழி) வாய்விட்டு ஒரு முறை. ரன்வேக்கு 10 மைலுக்குள் வந்தபிறகு தலை குனிந்து திருகிக்கொண்டிருக்கும் நிலை வந்தால், அது சுற்றி வரக் கேட்க வேண்டிய நேரம். ஒரு 360 கேட்பதில் எந்த அவமானமும் இல்லை, எந்தப் பரீட்சையாளரும் அதற்காகக் குறைத்து மதிக்க மாட்டார்.

மினிமம்ஸ் போடும்போது பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடியில் இருப்பதை மறந்துவிடாதீர்கள். சென்னையில் சிமுலேட்டர் பழகிவிட்டு இங்கே வருகிற பிள்ளைகள் 200, 300 என்ற எண்களிலேயே யோசிக்கிறார்கள், இங்கே ஆல்டிமீட்டர் 4,000 காட்டும்போதே நீங்கள் ரன்வேக்கு 1,000 அடி மேலேதான் இருக்கிறீர்கள். மூன்று டிகிரி சரிவில் அந்த 1,000 அடி, ரன்வே முனையிலிருந்து 3 நாட்டிகல் மைல் தூரத்தில் வரும். கிளைட் ஸ்லோப் நடுவில் இருக்கிறது என்று காட்டும்போது இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள், பொருந்தவில்லை என்றால் ஏதோ தப்பு. அப்புறம், தரை வேகத்தை ஐந்தால் பெருக்கினால் இறங்க வேண்டிய வேகம் கிடைக்கும். வெயில் நாளில் இந்த உயரத்தில் நீங்கள் 90 நாட் வைத்திருந்தால் உண்மை வேகம் 97, 98 ஆகிவிடும், எதிர்க்காற்று இல்லாவிட்டால் நிமிடத்துக்கு 490 அடி. பழக்கத்தில் 450 வைத்தால் மெல்ல மெல்ல சரிவுக்கு மேலே போய்விடுவீர்கள்.

கிளைட் ஸ்லோப் பிடித்ததும் உயரத் தேர்வில் மிஸ்டு ஏப்ரோச் உயரத்தைப் போட்டுவிடுங்கள். ஜிஎஸ் மோடு அந்த எண்ணைப் பொருட்படுத்தாது. அதே காரணத்தால் மினிமம்ஸ் வந்தாலும் ஆட்டோபைலட் தானாக நிற்காது. குரல் வரும், விமானம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், நிறுத்த வேண்டியது உங்கள் கைதான். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் தேவனஹள்ளிப் பக்கம் மூடுபனி இறங்கும் நாட்களில் இது வெறும் பாடப்புத்தக விஷயமில்லை.

ரன்வே தெரியவில்லையா? மூக்கு மேலே, பவர் முழுசு, ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு ஃப்ளாப், பட்டன்கள் அதற்குப் பிறகு. ஊசியை ஜிபிஎஸ்ஸுக்கு மாற்றுவதையும் சஸ்பென்டை (ஜிபிஎஸ் அடுத்த புள்ளிக்குப் போகாமல் நிற்கும் நிலை) விடுவிப்பதையும் ஜிஏ (கோ-அரவுண்ட்) பட்டன் சில விமானங்களில் தானே செய்யும், சிலவற்றில் செய்யாது, உங்கள் விமானத்தின் கையேட்டு இணைப்பில் பார்த்து வையுங்கள்.

அடுத்த சிமுலேட்டர் நேரத்துக்கு முன் வீட்டில் பிஎஃப்டி-யின் படத்தை அச்செடுத்து நாற்காலிக்கு எதிரே ஒட்டி, சிடிஐயை மாற்றினால் மேல் பட்டையில் என்ன வரும், அடுத்து எந்தப் பட்டன் என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பத்து தடவை சொல்லிப் பாருங்கள். மறுபடியும் 27 எல் போடச் சொல்லுங்கள், இந்தத் தடவை கேப்ச்சரை வேண்டுமென்றே மேனுவலில் வைத்து.