கூக்லோஃப்: அல்சாஸ் இனிப்பு ரொட்டி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அக்கா, படத்தில் பார்த்தால் கூக்லோஃப் கேக் போல இருக்கிறதே?

பதில்: ரொட்டிதான். பிரான்சின் கிழக்கு எல்லையில், ரைன் நதியை ஒட்டிய அல்சாஸில், ஞாயிறு காலை மேசைக்கு வருவது. ஈஸ்ட்டுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போட்டால் வடிவம் வரும், இழை வராது. அந்தக் குறுக்குவழி வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அளவு சொல்லுங்கள்.

பதில்: மைதா 500 கிராம், பால் 200 மி.லி., முட்டை 2, வெண்ணெய் 150 கிராம், சர்க்கரை 80 கிராம், உப்பு 10 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், உலர்திராட்சை 80 கிராம்.

கேள்வி: வெண்ணெய் சேர்த்ததும் மாவு கையில் ஒட்டுகிறது. கூடுதல் மைதா தூவலாமா?

பதில்: தூவாதீர்கள், ரொட்டி கெட்டியாகிவிடும். பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். வெண்ணெயை முதலிலேயே போட்டால், கொழுப்பு மாவைச் சூழ்ந்துகொண்டு பசையம் (குளூட்டன்) இழையாகப் பின்னுவதைத் தடுக்கும். வெண்ணெய், திராட்சை தவிர மற்றவற்றைப் பத்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். மாவை இழுத்தால் அறுபடாமல் மெல்லிய சவ்வாக விரிய வேண்டும். அதன் பிறகு மிருதுவான வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். நடுவில் மாவு குழைந்து பிரிந்ததுபோல் தெரியும். பயப்படாமல் தொடர்ந்து பிசைந்தால் மீண்டும் ஒன்றுகூடிப் பளபளக்கும். கடைசியில் திராட்சை. மாவு இரட்டிப்பானதும் அச்சில் பாதிவரை நிரப்பி, விளிம்பு வரை பொங்கி வந்த பிறகே ஓவனில் வையுங்கள். 180 டிகிரியில் சுமார் 45 நிமிடம்.

கேள்வி: மண் அச்சு கட்டாயமா?

பதில்: இல்லை, உலோக அச்சும் போதும். ஆனால் சுஃப்லன்ஹைம் ஊர்க் குயவர்கள் செய்யும் மெருகிட்ட சுடுமண் அச்சில் சூடு நிதானமாகப் பரவும். எனக்கு அதுவே பிடிக்கும். எந்த அச்சானாலும் நடுவில் குழல் இருக்கட்டும், அப்போதுதான் உட்பகுதி வேகும். வரிப்பள்ளங்களில் வெண்ணெய் தடவி, அடியில் பள்ளத்துக்கு ஒரு பாதாம் வையுங்கள்.

கேள்வி: திராட்சையை மதுவில்தான் ஊறவைக்க வேண்டுமா?

பதில்: அங்கே கிர்ஷ் என்னும் செர்ரி மதுவில் ஊறவைப்பார்கள். வெந்நீரோ தேநீரோ போதும்.

கேள்வி: பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் கொண்டுவந்த ரொட்டியாமே?

பதில்: அப்படியொரு கதை உண்டு. அல்சாஸின் ரிபோவில்லே ஊர்க்காரர்களோ, குழந்தை இயேசுவைக் காணச் சென்ற மூன்று ஞானிகள் செய்தது என்பார்கள். இரண்டையும் கதையாகவே ரசிக்கலாம். ஆஸ்திரியாவிலும் தெற்கு ஜெர்மனியிலும் இதன் உறவுகள் உண்டு.

கேள்வி: மறுநாள் காய்ந்துவிடுகிறதே?

பதில்: ஒருநாள் கழித்துச் சாப்பிடுவதையே அங்கே பலர் விரும்புகிறார்கள். துண்டாக்கி லேசாக வாட்டி, வெண்ணெய் தடவிக் காபியுடன் சாப்பிடுங்கள்.