கோயில் திருமணத்தில் பிறந்த மகனுக்குப் பிரபுப் பட்டம் வருமா?

கேள்வி: நான் கும்பகோணத்துக்காரி, இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன். என் கணவர் ஆங்கிலேயர். மாமனார் பாரன் என்ற பிரபுப் பட்டம் உள்ளவர். அவருடைய தாத்தாவுக்கு அரசர் கொடுத்தது, தலைமுறையாக வருகிறது. கணவர் சென்னையில் வேலை பார்த்தபோது, 2012-ல் எங்கள் ஊர்க் கோயிலில் எனக்குத் தாலி கட்டினார். மாமனாரும் வந்திருந்தார். 2013-ல் சென்னையில் மூத்த மகன் பிறந்தான். 2016-ல் இங்கிலாந்து வந்த பிறகு, கோயில் திருமணம் சட்டப்படி செல்லுமா என்பது சந்தேகம் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னதால், இங்கே ரெஜிஸ்டர் ஆபீஸில் மறுபடியும் திருமணம் செய்துகொண்டோம். பிறகு ஒரு மகள். 2019-ல் இன்னொரு மகன். இப்போது கொழுந்தனார், "மூத்தவன் முறையான திருமணத்துக்கு முன் பிறந்தவன், பட்டம் இளையவனுக்குத்தான்" என்கிறார். குடும்ப வீடு ஒரு டிரஸ்டில் இருக்கிறது. பட்டம் யாருக்கோ வீடும் அவருக்கே. மாமனார், "மூத்த பேரன் பெயருக்கே பட்டத்தை உயில் எழுதிவிடுகிறேன்" என்கிறார். கணவரோ, தன் முறை வரும்போது பட்டமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார். மூத்தவன் விவரம் புரியும் வயதுக்கு வந்துவிட்டான். அவனிடம் நான் என்ன சொல்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உங்கள் கொழுந்தனார் சொல்வது பாதிச் சட்டம். திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளை, பெற்றோர் பின்னால் மணம் செய்துகொண்டால் முறையான பிள்ளை ஆகிவிடும். ஆனால் அந்த வழியாக முறையானவர் பட்டத்துக்கு வாரிசாக முடியாது. யார் முறையான பிள்ளை என்பதைச் சொல்லும், இங்கிலாந்தின் 1976-ம் ஆண்டு லெஜிட்டிமசி சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. அவர் பிடித்துக்கொண்டிருப்பது இந்த விதியைத்தான். அதே சட்டத்தின் முதல் பிரிவு வேறொரு வகைப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் மகன் அந்த வகையில் வருகிறான் என்பது என் கருத்து.

கோயில் திருமணத்தில் என்ன குறை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்துத் திருமணச் சட்டம் இரு இந்துக்களுக்கு இடையே நடக்கும் திருமணத்துக்கு மட்டுமே பொருந்தும். மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால், இந்து முறைப்படி நடந்த திருமணம் அந்தச் சட்டத்தின்கீழ் செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் போயிருக்க வேண்டிய வழி, 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுத்து, முப்பது நாள் காத்திருந்து, மூன்று சாட்சிகளோடு கையெழுத்துப் போடுவது. நம் வீடுகளில் மண்டபம், சமையல், நாதஸ்வரம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்வார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றாலும் இந்த நோட்டீஸ் யார் நினைவுக்கும் வருவதில்லை. அதன் சுமை இப்படிப் பிள்ளைகள் தலையில் வந்து விழுவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. தாலி கட்டுவதற்கு முன் உங்கள் கணவர் முறைப்படி இந்துவாக மாறியிருந்தால், 2012 திருமணமே செல்லும். கொழுந்தனாரின் கேள்விக்கே இடமில்லை. நீங்கள் அப்படி எதுவும் எழுதாததால், மாறவில்லை என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இப்போது அந்த முதல் பிரிவு. செல்லாத ஒரு திருமணத்தில் பிறந்த பிள்ளையாக இருந்தாலும், கருத்தரித்த காலத்தில் தாயோ தந்தையோ, இருவரில் ஒருவராவது, திருமணம் செல்லும் என்று நியாயமாக நம்பியிருந்தால், அந்தப் பிள்ளை முறையான பிள்ளைதான். சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால் அப்படி நம்பினாலும் போதும் என்று 1987-ல் வந்த திருத்தம் தெளிவாக்கியது. அதே திருத்தம் இன்னொரு பெரிய உதவியும் செய்தது. அது நடைமுறைக்கு வந்த பின் பிறந்த பிள்ளைகள் விஷயத்தில், பெற்றோரில் ஒருவர் அப்படி நம்பினார் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். நம்பவில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு எதிர்த்தரப்புக்கு. முக்கியமாக, 1959 அக்டோபர் 28-க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவு பட்ட வாரிசுரிமையிலும் பொருந்தும் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. கொழுந்தனார் சொல்லும் தடை, அதே அட்டவணையில் இதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. அந்த வரி தொடங்கும்போதே முதல் பிரிவை விலக்கிவிட்டுத்தான் தொடங்குகிறது.

ஒரு நிபந்தனை உண்டு. மகன் பிறந்தபோது தந்தையின் டொமிசைல், அதாவது அவருடைய நிரந்தரத் தாயகம் என்று சட்டம் கருதும் நாடு, இங்கிலாந்தாக இருந்திருக்க வேண்டும். குடியிருப்பு வேறு, டொமிசைல் வேறு. வேலை ஒப்பந்தத்தில் சில வருடம் சென்னையில் இருந்ததால் டொமிசைல் மாறிவிடாது. கடைசிவரை இந்தியாவிலேயே இருந்துவிடுவது என்று அவர் முடிவெடுத்திருந்தால்தான் சிக்கல். அவருடைய வேலை ஒப்பந்தத்தையும், இங்கிலாந்தில் அவர் தொடர்ந்து வைத்திருந்த வங்கிக் கணக்கு, பென்ஷன் விவரங்களையும் எடுத்து வையுங்கள்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் யோசிக்க வேண்டும். "அது திருமணமே இல்லை, வெறும் சடங்கு" என்பார்கள். இங்கிலாந்தில் பதிவு செய்யாமல் நடந்த ஒரு நிக்காஹ், செல்லாத திருமணம் என்ற வகையில்கூட வராது என்று 2020-ல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. உங்கள் நிலை வேறு. இந்தியாவில், ஊரறிய, கணவன் மனைவியாக வாழ்வதற்காகவே நடந்த திருமணம் அது. கோயில் ரசீது, அழைப்பிதழ், புரோகிதர் கொடுத்த சான்று, போட்டோ, அதற்குப் பின் நீங்கள் "மனைவி" என்று கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம், மகனின் பிறப்புச் சான்றிதழ், இவையெல்லாம் அதற்குச் சாட்சி.

இன்றைக்கே இன்னொன்றையும் பாருங்கள். 2016 திருமணச் சான்றிதழில் மணமக்களின் நிலையைக் குறிக்கும் கட்டம் ஒன்று இருக்கும். முன்பே ஒரு திருமணச் சடங்கு நடந்ததை நீங்கள் பதிவாளரிடம் சொல்லியிருந்தால், இந்த ஊரில் இந்தத் தேதியில் ஏற்கெனவே ஒரு வகையில் திருமணம் நடந்தது என்று அங்கே எழுதியிருப்பார்கள். அது உங்களுக்குப் பெரிய பலம். "மணமாகாதவர்" என்று இருந்தாலும் பதற வேண்டாம். கேள்வி 2013-ல் பிறந்த மகன் கருவான காலத்து நம்பிக்கையைப் பற்றியது. வழக்கறிஞர் சொல்லி 2016-ல் வந்த சந்தேகம் அதைத் துடைத்துவிடாது.

இத்தனையும் இருந்தும், மாமனார், கணவர் காலத்துக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1986-ம் ஆண்டின் குடும்பச் சட்டம், 56-ம் பிரிவின்கீழ், "நான் என் பெற்றோரின் முறையான பிள்ளை" என்று அறிவிக்கும்படி உங்கள் மகன் சார்பில் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். அந்த அறிவிப்பு அரசரையும் மற்ற எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று சட்டம் சொல்கிறது. கோயிலில் உங்களுக்குத் திருமணம் செய்துவைத்தவரும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களும் இன்று இருக்கிறார்கள். முப்பது வருடம் கழித்து உங்கள் மகன் யாரைத் தேடிப் போவான்?

இதற்கு ஆம்ப்தில் வழக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. 1900 முதல் 1906 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் இரண்டாம் ஆம்ப்தில் பிரபு. அவருடைய மகன், 1921-ல் தன் மனைவிக்குப் பிறந்த ஜெஃப்ரி ரஸ்ஸல் தன் பிள்ளையே இல்லை என்று விவாகரத்து வழக்குப் போட்டார். பத்திரிகைகள் வீட்டு அந்தரங்கத்தையெல்லாம் அச்சடித்தன. வழக்கு, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைவரை போய், 1924-ல் தாயின் பக்கம் முடிந்தது. அந்தத் தாய் அதோடு நிற்கவில்லை. 1926-ல், மகன் முறையான பிள்ளை என்ற நீதிமன்ற அறிவிப்பையும் வாங்கி வைத்தார். 1973-ல் தந்தை இறந்ததும், அவருக்கு வேறொரு மனைவியிடம் பிறந்த மகன் பட்டத்துக்குப் போட்டியாக வந்தார். 1976-ல், பட்ட உரிமைகளை விசாரித்த பிரபுக்கள் சபையின் சிறப்புரிமைக் குழு, ஐம்பது வருடத்துக்கு முந்தைய அந்த அறிவிப்பை வைத்தே ஜெஃப்ரிக்குப் பட்டத்தைக் கொடுத்தது. குழந்தைக்கு ஐந்து வயது நிறைவதற்குள் தாய் வாங்கி வைத்த காகிதம் அது.

அப்படி ஒன்று இல்லாவிட்டால் எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு சின்ஹா குடும்பம் சாட்சி. வங்காளத்தைச் சேர்ந்த சத்யேந்திர பிரசன்ன சின்ஹாவுக்கு 1919-ல் பாரன் பட்டம் கிடைத்தது. வழிவழிப் பட்டத்தோடு பிரபுக்கள் சபையில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர். 1928-ல் இறந்தார். அவருடைய திருமணம் இந்து முறைப்படி நடந்தது. அந்தக் காலத்தில் இந்து ஆண் இன்னொரு மனைவியும் கட்டலாம் என்பதால், அதில் பிறந்த மகன் ஆங்கிலப் பட்டத்துக்கு வாரிசாவாரா என்ற கேள்வி எழுந்தது. ஒருதார மணத்தை வலியுறுத்தும் பிரம்ம சமாஜத்தில் தம்பதி பின்னால் சேர்ந்திருந்தது மகனுக்கு உதவியது. அவர் உரிமையைக் குழு ஏற்றுக்கொண்டபோது ஆண்டு 1939.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பட்டத்தை உயில் எழுத முடியாது. விற்கவும் தானம் செய்யவும் முடியாது. அரசர் முத்திரையிட்டுக் கொடுத்த லெட்டர்ஸ் பேட்டன்ட் என்ற பத்திரத்தில் எந்த வழி எழுதியிருக்கிறதோ அந்த வழியில் மட்டுமே அது இறங்கும். பெரும்பாலான பத்திரங்களில், முதல் பிரபுவின் வழியில் முறையாகப் பிறந்த ஆண் வாரிசுகள் என்றே இருக்கும். உங்கள் மகளுக்கு வராததும் அதனால்தான். இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இன்றைய சட்டம் அது. பத்திரத்திலேயே வேறு மாதிரி எழுதியிருந்தால் பெண்ணுக்கும் வரும். ஆண் பிள்ளை இல்லாத மவுன்ட்பேட்டனுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள்; 1979-ல் அவர் கொல்லப்பட்டதும் மூத்த மகள் பட்டத்துக்கு வந்தார். ஆகவே உங்கள் குடும்பப் பத்திரத்தின் நகலை முதலில் வாங்கிப் படியுங்கள். வீட்டு டிரஸ்ட் பத்திரத்தையும் அதன் தேதியோடு ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வாசகத்தைப் பார்க்காமல் அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

கணவர் பட்டத்தைத் துறக்கலாம். 1963-ம் ஆண்டின் பிரபுப் பட்டச் சட்டப்படி, பட்டம் வந்த ஒரு வருடத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு திரும்பப் பெற முடியாது. ஆனால் அது அவர் ஆயுள் வரைக்கும்தான். பிரிட்டிஷ் அரசியல்வாதி டோனி பென் 1963-ல் துறந்த பட்டம், 2014-ல் அவர் இறந்ததும் மூத்த மகனுக்குப் போனது. ஆகவே கணவர் துறப்பதால் பிள்ளைகளுக்கு நஷ்டமில்லை; யார் வாரிசு என்ற கேள்வியும் தீராது.

பட்டம் அழிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். முதல் பிரபுவின் ஆண் வழி முழுவதும் அற்றுப்போனால்தான் அழியும். மெட்ராஸ் கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபு பாரன், வைகவுன்ட், ஏர்ல், மார்க்விஸ் என்று 1936-க்குள் நான்கு படி ஏறினார். ஒரு மகன் முதல் உலகப் போரில் இறந்தார். இன்னொரு மகன் பிள்ளையில்லாமல் 1979-ல் இறந்தார். நான்கு பட்டமும் ஒரே நாளில் போயின. உங்கள் வீட்டில் இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் கொழுந்தனாரின் வழி.

மகனிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அவன் பிறந்தபோது அம்மாவும் அப்பாவும் கணவன் மனைவி என்று நம்பி வாழ்ந்தார்கள், சட்டம் அந்த நம்பிக்கையை மதிக்கிறது, நீதிமன்றத்தில் அதை எழுதி வாங்கப் போகிறோம் என்று சொல்லலாம். மாமனாரிடம் உயில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2012-ல் அந்தக் கோயிலுக்குத் தான் வந்ததையும், அன்று முதல் உங்களை மருமகளாகவே நடத்தி வந்ததையும் ஒரு சத்தியப் பிரமாண வாக்குமூலமாக எழுதி, வழக்கறிஞர் முன் கையெழுத்திட்டுத் தரட்டும்.