நீர்பாய்ச்சிக்கு என்ன கூலி?

அன்புள்ள ஐயா,
எங்கள் ஊர் சிவகங்கை பக்கம். இப்போதெல்லாம் மழை மாதம் தப்பி வருகிறது, வந்தால் ஒரே நாளில் கொட்டுகிறது. நண்பர்கள் சேர்ந்து கண்மாயில் நீர்மட்டம் காட்டும் சென்சார் பொருத்தி, செல்போனுக்குச் செய்தி வரும்படி செய்யப்போகிறோம். முன்னோரின் நீர் அறிவையும் இதில் சேர்க்க ஆசை. எந்தச் சங்கப் பாடல்கள், எந்தக் கல்வெட்டுகளைப் படிக்கலாம்? எந்த சென்சார் வாங்கலாம்?
— பொறியியல் மாணவர் ஒருவர்

அன்புள்ள தம்பி,

எந்த சென்சார் என்பதை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். நல்ல காரியம், செய்யுங்கள். மேல் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியே உபரி நீர் பாய்வது கீழ் ஊருக்கு முன்பே தெரிந்தால் கரை காக்க ஆள் திரட்டலாம். ஒன்று மட்டும் கவனம்: வண்டல் மேடிட்ட கண்மாயில் மட்டத்தை வைத்துத் தண்ணீரின் அளவைச் சொல்ல முடியாது. கொள்ளளவைப் புதிதாக அளந்துவிட்டுக் கருவியை வையுங்கள்.

ஆனால் முன்னோர் அறிவைத் தேடி ஏன் சங்க காலத்துக்கு ஓடுகிறீர்கள்? கண்மாய் மடையைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சி உங்கள் ஊரில் யார்? அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே. சில நாட்களாக நான் நினைத்துக்கொண்டிருப்பதே அவர்களைத்தான்.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். பழைய குமிழி மடை, அதாவது கண்மாய்க்குள் முங்கித் திறக்க வேண்டிய மதகு. கார்த்திகைக் குளிரில் கல்தூணைப் பிடித்தபடி முங்கி, அடியில் அடைத்திருக்கும் கட்டையைக் காலால் தடவி உருவுவார். மேலே வரும்போது உதடு நீலம் பாரித்திருக்கும். அப்புறம் மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரமாக நடப்பார். எந்த வயல் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று மண்ணை மிதித்தே சொல்வார். தண்ணீர் குறைந்த வருஷத்தில் பண்ணையார் வயலுக்கும் அரை ஏக்கர்க்காரி வயலுக்கும் ஒரே கணக்குதான். ஆயக்கட்டில், அதாவது அந்தக் கண்மாய் பாயும் நிலத்தில், அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. பாரபட்சம் கூடாது என்றே பல ஊர்களில் நிலமில்லாதவர் கையில் மடையைக் கொடுத்தார்கள். பெரும்பாலும் தலித் மக்கள்.

அந்த மனிதரைப் பேரன் வயதுப் பையன்கள் 'டேய்' என்று கூப்பிட்டார்கள். களத்தில் எல்லோருக்கும் அளந்த பிறகு மிஞ்சியதுதான் அவர் துண்டில் விழுந்தது. போர்வெல் வந்ததும் அதுவும் நின்றது. மகன் திருப்பூருக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்ததை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. இதை மறைத்துவிட்டு 'மரபு அறிவு' என்று பெருமை பேசுவது எனக்குக் கோபம் தருகிறது, தம்பி. ஊரார் சேர்ந்து கண்மாயைப் பராமரிப்பதைக் குடிமராமத்து என்கிறோம், 1858-இல் வெள்ளைக்காரன் அதற்குப் போட்ட சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். 2017-இல் அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தது. கரை உயர்ந்தது, மடை பழுது பார்க்கப்பட்டது. மடையைத் திறந்து மூடுகிறவருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது.

கல்வெட்டைப் பிறகு படிக்கலாம். முதலில் உங்கள் ஊரில் மடை பார்த்தவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் 'ஐயா' என்று கூப்பிட்டு, உங்களோடு கரையில் நடக்கச் சொல்லுங்கள். சென்சார் செய்தி முதலில் அவர் போனுக்குப் போகட்டும். மடையை எப்போது திறப்பது என்பதை அவர் சொல்லட்டும். உங்கள் செலவுக் கணக்கில் அவருக்கு மாதம் எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்? அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.